ஒன்றரை டெராபைட் சாம்பிள்களை வேறு டிரைவுக்கு மாற்றியபோது

என் வேலை பின்னணி இசை. குறும்படம், விளம்பரம், பக்திப் பாடல் ஆல்பம், எப்போதாவது ஒரு வெப் சீரிஸ் என்று சென்னையில் வீட்டு மாடியில் இருக்கும் சிறிய ஸ்டுடியோவிலேயே எல்லாம் நடக்கிறது. வயலின் குழுவைக் கூட்டி உட்காரவைத்து வாசிக்கச் சொல்லும் பட்ஜெட் இந்த வேலைகளில் கிடையாது. ஸ்ட்ரிங்ஸ், பிராஸ், பியானோ, டிரம்ஸ் எல்லாமே சாம்பிள் லைப்ரரிகளிலிருந்துதான், அதாவது நிஜ வாத்தியங்களைச் சுரம் சுரமாகப் பதிவு செய்த ஒலித் தொகுப்புகளிலிருந்துதான், வருகின்றன. அப்படிச் சேர்ந்தவை ஒன்றரை டெராபைட்டைத் தாண்டி, இருந்த 2 டிபி ஹார்ட் டிஸ்க்கில் இடமே இல்லை என்று ஆனபோது, எல்லாவற்றையும் ஒரு 4 டிபி எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். என்னோடு வேலை பார்க்கும் தம்பியின் மேக்புக்கிலும் அதே சமயத்தில் இதைச் செய்தோம். அதனால் விண்டோஸ், மேக் இரண்டிலும் எங்கே சிக்கல் வரும் என்று பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபைல்களை நகலெடுக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். நாம் காப்பாற்ற வேண்டியது பழைய புராஜெக்ட்களை. குபேஸ், லாஜிக் போன்ற இசையமைப்பு மென்பொருளில் சேமித்த ஒவ்வொரு பாட்டுக்கும், தன் சாம்பிள் எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில், எந்தப் பெயரில் இருக்கிறது என்ற முழு முகவரி தேவைப்படுகிறது. சில லைப்ரரிகளுக்கு அது புராஜெக்ட்டுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். வேறு சிலவற்றுக்குக் கம்ப்யூட்டரின் அமைப்புகளில் இருக்கும். பல வருஷம் கழித்து இயக்குநர் ஒருவர் கூப்பிட்டு, "அந்தப் படத்தை விழாவுக்கு அனுப்புறோம், க்ளைமாக்ஸ் மியூசிக்ல ஒரு இருபது செகண்ட் குறைச்சுக் கொடுங்க" என்று கேட்பார். அன்றைக்கு அந்த புராஜெக்ட் அதே சத்தத்தோடு திறக்க வேண்டும். அது நடந்தால்தான் லைப்ரரியை ஒழுங்காக மாற்றியிருக்கிறோம் என்று அர்த்தம்.

ஏன் எஸ்எஸ்டி என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. கான்டாக்ட் போன்ற சாம்ப்ளர் மென்பொருள் முழு சாம்பிளையும் ராமில் ஏற்றுவதில்லை. ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத்தை மட்டும் ராமில் வைத்துக்கொண்டு, கீயை அழுத்தியதும் மீதியை டிஸ்க்கிலிருந்து ஓட ஓட வாசிக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ, சுருக்காத ஆடியோ என்றால் ஒரு குரலுக்கு, அதாவது ஒலித்துக்கொண்டிருக்கும் ஒரு சாம்பிளுக்கு, விநாடிக்கு 288 கிலோபைட். ஒரு ஸ்ட்ரிங்ஸ் கார்டை அழுத்தும்போது பல மைக்குகள், பல டைனமிக் அடுக்குகள், விட்ட பிறகு வரும் ரிலீஸ் சாம்பிள்கள் என்று எல்லாம் சேர்ந்து முந்நூறு குரல்கள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்குச் சுமார் 86 எம்பி. எண்ணிக்கையைப் பார்த்தால் சாதாரண ஹார்ட் டிஸ்க்கே கொடுத்துவிடும் போலத் தோன்றும். ஆனால் அந்த முந்நூறும் டிஸ்க்கின் முந்நூறு இடங்களில் கிடக்கின்றன. 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்றவே 8.3 மில்லிசெகண்ட் ஆகும். அதன் மேல், வாசிக்கும் தலை ஒவ்வோர் இடத்துக்கும் நகர வேண்டிய நேரம் வேறு. அங்கேதான் சத்தம் வெட்டுகிறது, நோட்டுகள் விழுங்கப்படுகின்றன. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் எதுவும் இல்லை. அதனால் சாம்பிளுக்கு எஸ்எஸ்டி வாங்கும்போது, டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் விநாடிக்கு 7000 எம்பி போன்ற எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியின் 550 எம்பியே பெரும்பாலான வேலைக்குப் போதும். அதைவிடக் கொள்ளளவில் பணத்தைப் போடுங்கள்.

கடையில் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த டிரைவ் டிஎல்சியா, க்யூஎல்சியா? மெமரி செல் ஒன்றில் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு வைப்பது க்யூஎல்சி. க்யூஎல்சி மலிவு. ஆனால் பெரிய அளவில் எழுதும்போது அதன் வேகமான கேஷ் நிரம்பியதும் எழுதும் வேகம் பாதாளத்துக்கு இறங்கும், சில மாடல்களில் ஹார்ட் டிஸ்க்குக்கும் கீழே. வாசிக்கும் வேகம் அப்படி விழுவதில்லை. சாம்பிள் லைப்ரரி என்பது ஒருமுறை எழுதிவிட்டு வருஷக்கணக்கில் வாசிப்பது. அதனால் இதற்கு க்யூஎல்சி தாராளமாகப் போதும். பாட்டுப் பதிவு செய்யும் புராஜெக்ட் டிரைவுக்கு டிஎல்சி வாங்குங்கள். ரிச்சி தெருவில் கேபிளும் சேர்த்து வாங்குவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். போன் சார்ஜ் செய்யும் டைப்-சி கேபிள்களில் பல, டேட்டாவை யூஎஸ்பி 2 வேகத்தில்தான் கடத்தும். பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். எக்ஸ்டர்னல் டிரைவோடு வந்த கேபிளை ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

டிரைவ் கைக்கு வந்ததும் ஃபார்மேட். விண்டோஸில் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக்கில் மட்டும் என்றால் ஏபிஎஃப்எஸ். இரண்டிலும் செருகலாம் என்று எக்ஸ்ஃபேட் போட ஆசை வரும். நான் அதைச் செய்யவில்லை. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னலிங், அதாவது செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஏற்பாடு, கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் உருவப்பட்டாலோ கரண்ட் போனாலோ ஃபைல் அமைப்பே கெட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். லாஜிக் புரோவின் சொந்த ஒலி நூலகத்தை மாற்றவும் ஆப்பிள் ஏபிஎஃப்எஸ் அல்லது மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட் ஃபார்மேட்டைத்தான் கேட்கிறது. பழைய ஃபேட்32 பக்கமே போகக் கூடாது. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை அது ஏற்காது.

நகலெடுக்கும் முன் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பட்டியல் போட்டேன். இது சலிப்பான வேலை, ஆனால் பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. எது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, அதை எந்த மென்பொருள் திறக்கிறது என்று எழுதிப் பார்த்தால், லைப்ரரிகள் தாமாகவே மூன்று வகையாகப் பிரியும். முதல் வகைக்கு நிறுவனமே ஒரு மேலாளர் செயலி கொடுத்திருக்கும். நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸுக்கு நேட்டிவ் ஆக்சஸ், ஸ்பிட்ஃபயருக்கு அதன் செயலி, ஸ்டெயின்பெர்க்குக்கு லைப்ரரி மேனேஜர். இரண்டாவது வகை, ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரை மட்டும் தேடும் மென்பொருள்கள். ஆம்னிஸ்பியர் என்ற சிந்தசைசர் மென்பொருள் இதற்கு நல்ல உதாரணம். மூன்றாவது வகைக்குச் செயலியும் இல்லை, பதிவும் இல்லை. சிறிய தயாரிப்பாளர்களிடம் ஜிப்பாக வாங்கியவை, நாமே பதிவு செய்தவை. உண்மையான சிக்கல் இந்த மூன்றாவது வகையில்தான்.

பட்டியல் போடும்போது எதிர்பாராத இடங்களிலும் சாம்பிள்கள் கிடைக்கும். விண்டோஸில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரிலும் பப்ளிக் டாக்குமென்ட்ஸிலும் சில நிறுவிகள் தாமாகவே போட்டுவிடும். ஆம்னிஸ்பியரின் ஃபோல்டர் புரோகிராம்டேட்டாவுக்குள் இருக்கும். அது மறைந்த ஃபோல்டர் என்பதால், மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால்தான் கண்ணில் படும். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை ஏதாவது கிளவுட் சேவை தானாக ஒத்திசைத்துக்கொண்டிருந்தால், அதற்குள் சாம்பிள் இருப்பது ஆபத்து. இடத்தை மிச்சப்படுத்த அது ஃபைலை மேலே வைத்துவிட்டு, இங்கே வெறும் பெயரை மட்டும் விட்டிருக்கும். அப்படிப்பட்டவற்றை முதலில் முழுதாகக் கீழே இறக்கி, ஒத்திசைவுக்கு வெளியே கொண்டுவந்த பிறகுதான் நகலெடுக்க வேண்டும்.

சரி, நகல். கட் செய்து பேஸ்ட் செய்வதை நான் எந்தக் காலத்திலும் பரிந்துரைக்க மாட்டேன். பாதியில் நின்றால் எது இங்கே, எது அங்கே என்று தெரியாமல் போகும். காப்பி மட்டும். அதுவும் நின்ற இடத்திலிருந்து தொடரக்கூடிய கருவியில். விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி, மேக்கில் ஆர்சிங்க் இரண்டும் இலவசம், நம்பகமானவை. கட்டளை எழுதத் தயங்குபவர்கள் டெராகாப்பி மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நகலெடுத்தபின் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வசதி அதில் உண்டு. ஆகும் நேரத்தைத் தீர்மானிப்பது புது எஸ்எஸ்டி இல்லை, பழைய ஹார்ட் டிஸ்க். விநாடிக்கு 120 எம்பி வந்தால் ஒரு டெராபைட்டுக்கு இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். யூஎஸ்பி 2 கேபிளில் 35 எம்பிதான் வரும் என்றால் அதே வேலை எட்டு மணி நேரம். ஆயிரக்கணக்கான சின்ன வேவ் ஃபைல்களாக இருக்கும் பழைய லைப்ரரிகள் இந்தக் கணக்கையும் மீறி இழுக்கும். கம்ப்யூட்டரை யூபிஎஸ்ஸில் போட்டு, ஸ்லீப்பை அணைத்துவிட்டு, ராத்திரி ஓடவிடுவது உத்தமம்.

முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபைல்களின் எண்ணிக்கையையும் மொத்த பைட்டையும் ஒப்பிட வேண்டும். பைட் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டிஸ்க்கில் பிடித்திருக்கும் இடம் என்று காட்டும் எண் ஃபார்மேட்டுக்கு ஏற்ப மாறும், அதை ஒப்பிட்டால் வீண் கவலைதான். ஜிபி எண்ணையும் நம்ப முடியாது. விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, மேக் 1000-ஆல் வகுக்கிறது. 4 டிபி டிரைவ் விண்டோஸில் 3.63 டிபி என்று தெரிவதும் இதனால்தான். யாரும் ஏமாற்றவில்லை.

இப்போது முக்கியமான கட்டம். எனக்கு மிகப் பெரிய நிம்மதியைக் கொடுத்த வழி இதுதான். விண்டோஸ் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குக் கொடுத்திருந்த டிரைவ் எழுத்து ஈ (E). அதில் இருந்த ஃபோல்டர் அமைப்பை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அப்படியே எஸ்எஸ்டியில் நகலெடுத்தேன். பிறகு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில், முதலில் பழையதன் எழுத்தை எக்ஸ் என்று மாற்றினேன். அடுத்து எஸ்எஸ்டிக்கு ஈ என்ற எழுத்தைக் கொடுத்தேன். ரீஸ்டார்ட். அவ்வளவுதான். நேட்டிவ் ஆக்சஸுக்கும் தெரியாது, கான்டாக்ட்டுக்கும் தெரியாது, பழைய புராஜெக்ட்களுக்கும் தெரியாது. தேடிய முகவரியில் தேடியது கிடைக்கிறது. வாய்ப்பிருக்கும் எல்லோரும் இதைத்தான் செய்ய வேண்டும் என்பேன். லைப்ரரிகளை அழகாக அடுக்க வேண்டும், ஃபோல்டர் பெயர்களைச் சீராக்க வேண்டும் என்ற ஆசை இந்த நேரத்தில்தான் வரும். அந்த வேலைக்கு இது நேரமில்லை.

மேக்கில் எழுத்துக்குப் பதில் டிரைவின் பெயர். பெயர் மாறினால் முகவரி மாறும். ஒரே பெயரில் இரண்டு டிரைவ்கள் ஒரே நேரத்தில் செருகியிருந்தால், இரண்டாவதன் உள்முகவரியில் கம்ப்யூட்டர் தானாக ஒரு 1 சேர்த்துவிடும். வெளியே பார்த்தால் பெயர் ஒன்றாகவே தெரியும், லைப்ரரி மட்டும் காணாது. அதனால் பழையதன் பெயரை முதலில் மாற்றி, அதைக் கழற்றிவிட்டு, அப்புறம் புதியதற்கு அந்தப் பழைய பெயரை வைக்க வேண்டும்.

முதன்முறையாக எக்ஸ்டர்னல் டிரைவுக்குப் போகிறவர்களுக்குப் பழைய எழுத்து என்று எதுவும் இருக்காது. அவர்கள் எஸ் (S), டி (T) மாதிரி அகரவரிசையில் பின்னால் இருக்கும் எழுத்தைக் கையால் ஒதுக்கிக்கொள்ளலாம். பென்டிரைவ் செருகும்போது விண்டோஸ் முன்னால் காலியாக இருக்கும் எழுத்தைக் கொடுத்துவிடும். டிரைவ் கழற்றியிருந்த நேரத்தில் அதன் எழுத்தை ஒரு பென்டிரைவ் எடுத்துக்கொண்டால், அடுத்த நாள், எல்லாக் கருவிகளையும் ஏற்றி வைத்திருக்கும் டெம்ப்ளேட் புராஜெக்ட் சாம்பிள் கிடைக்காமல் முழுக்கச் சிவப்பாக நிற்கும்.

சி டிரைவிலேயே லைப்ரரி இருந்தால் எழுத்தை மாற்றும் வித்தை நடக்காது. அங்கே இணைப்பு கைகொடுக்கும். ஃபோல்டரைப் புதிய டிரைவுக்கு நகலெடுத்துவிட்டு, பழைய இடத்தில் அதே பெயரில் ஒரு ஜங்ஷன் இணைப்பை உருவாக்குவது. மேக்கில் இதற்குச் சிம்பாலிக் லிங்க். மென்பொருள் பழைய கதவைத் தட்டும், கம்ப்யூட்டர் அதைப் புதிய வீட்டுக்கு அனுப்பிவைக்கும். இதை நான் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறேன். லைப்ரரிக்கு அப்டேட் வரும்போது, புதிய ஃபைல்கள் இணைப்பின் வழியாகச் சரியான இடத்தில்தான் விழுந்தனவா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நிறுவனத்தின் செயலி இருப்பவற்றுக்கு நேர்வழியே போதும். நேட்டிவ் ஆக்சஸில், பழைய இடத்தில் கிடைக்காத லைப்ரரி ரிப்பேர் பட்டியலில் வந்து நிற்கும். புதிய இடத்தைக் காட்டினால் முடிந்தது. பதிப்புக்குப் பதிப்பு பட்டனின் பெயரும் இடமும் கொஞ்சம் மாறும். இங்கே பலர் தடுமாறுவது எந்த ஃபோல்டரைக் காட்டுவது என்பதில். லைப்ரரியின் பிரதான ஃபோல்டரைக் காட்ட வேண்டும். என்ஐசிஎன்டி என்று முடியும் ஒரு சின்ன ஃபைல் அதற்குள் இருக்கும், அதுதான் அடையாளம். அதற்கு மேலே இருக்கும் பொது ஃபோல்டரைக் காட்டினாலும், உள்ளே இருக்கும் சாம்பிள்ஸ் ஃபோல்டரைக் காட்டினாலும் ஏற்காது. இந்த வகை லைப்ரரிகளில் ஒரு நல்ல குணம், இடத்தை ஒருமுறை பதிவு செய்துவிட்டால் பழைய புராஜெக்ட்களும் அதைப் பின்பற்றிக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஸ்பிட்ஃபயரிலும் ஈஸ்ட்வெஸ்ட்டிலும் இதே மாதிரி இடத்தைச் சுட்டிக்காட்டும் வசதி அவர்களுடைய செயலியில் இருக்கிறது. ஸ்பிட்ஃபயரின் பிபிசி சிம்பனி ஆர்கெஸ்ட்ராவின் புரொபஷனல் பதிப்பு அரை டெராபைட்டுக்கு மேல். ஈஸ்ட்வெஸ்ட்டின் ஹாலிவுட் ஆர்கெஸ்ட்ரா ஓபஸ், டைமண்ட் பதிப்பு என்றால் கிட்டத்தட்ட ஒரு டெராபைட். இவ்வளவு பெரியவற்றை மறுபடி டவுன்லோட் செய்துகொள்ளலாம் என்று நினைப்பது நம் ஊர் பிராட்பேண்டில் நடைமுறைக்கு ஒத்துவராது. 100 எம்பிபிஎஸ் இணைப்பு ஒரு நொடிகூடத் தளராமல் ஓடினாலும் 600 ஜிபிக்குப் பதிமூன்று மணி நேரம் தாண்டும். மாத உச்சவரம்பு வேறு இருக்கிறது. டிஸ்க்கில் நல்ல நிலையில் இருப்பதை நகலெடுப்பதே எப்போதும் சுலபம்.

ஒரே நிறுவனத்தின் ஆம்னிஸ்பியர், ட்ரிலியன், கீஸ்கேப் மூன்றும் ஸ்டீம் என்ற ஒரே ஃபோல்டரைப் பகிர்ந்துகொள்கின்றன. விளையாட்டுகள் விற்கும் ஸ்டீமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஃபோல்டரை முழுதாகப் புதிய டிரைவுக்குக் கொண்டுபோய், பழைய இடத்தில் விண்டோஸில் ஷார்ட்கட்டும் மேக்கில் ஏலியாஸும் வைக்க வேண்டும். அந்த ஷார்ட்கட்டின் பெயர் ஸ்டீம் என்று மட்டுமே இருக்க வேண்டும். விண்டோஸ் தானாகச் சேர்க்கும் ஷார்ட்கட் என்ற வால் இருந்தால் மென்பொருள் கண்டுகொள்ளாது. நாம் உருவாக்கிய ஒலிகளும் இதே ஃபோல்டருக்குள்தான் சேமிக்கப்படுகின்றன. பெரிய ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் போகாதீர்கள்.

லாஜிக்கில் இது மிகவும் எளிது. 2018-ல் வந்த 10.4.2 பதிப்பிலிருந்து சவுண்ட் லைப்ரரி மெனுவிலேயே இடம் மாற்றும் கட்டளை இருக்கிறது. தம்பி அதை அழுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டான். டிரம்ஸ் மென்பொருளான சுப்பீரியர் டிரம்மர் 3-இன் முழு ஒலிகளும் 230 ஜிபியைத் தாண்டும். அதன் செட்டிங்ஸிலேயே லைப்ரரிகளின் பாதையைக் காட்டும் இடம் இருக்கிறது.

இனி மூன்றாவது வகை. என்னிடம் நானே பதிவு செய்த தவில், பம்பை, உடுக்கை, உறுமி ஒலிகள் இருக்கின்றன. உறுமியின் அந்த இழுவையை வெளிநாட்டு லைப்ரரி எதிலும் நான் கேட்டதில்லை. தெற்கேயிருந்து வந்த ஒரு பெரியவர் பொறுமையாக, ஒவ்வொரு தேய்ப்பையும் மெதுவாக, நடுத்தரமாக, வேகமாக என்று மாற்றி மாற்றி வாசித்துக் கொடுத்தார். அவர் இன்று இல்லை. காசு கொடுத்து வாங்கியது எது போனாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். இது போனால் போனதுதான். நகலெடுக்கும் வரிசையில் முதலிடம் இதற்குத்தான் கொடுத்தேன். எஸ்எஸ்டிக்குப் போகும் முன்பே வேறோர் ஊரில் இருக்கும் நண்பரிடம் ஒரு பிரதி போய்விட்டது.

இந்த வகையில் பேட்ச்கள், அதாவது சாம்பிள்களை ஓர் இசைக்கருவியாகக் கோத்துவைப்பவை, என்கேஐ ஃபைல்களாக இருக்கும். கான்டாக்ட்டில் பேட்ச் சேமிக்கும்போது, முழு முகவரியோடு சேமிப்பதா என்று கேட்கும் ஒரு டிக் பெட்டி இருக்கிறது. டிக் இல்லாமல் சேமித்தால், பேட்ச் இருக்கும் இடத்திலிருந்து சாம்பிள் எந்த உள்ஃபோல்டரில் இருக்கிறது என்பது மட்டும் பதிவாகும். ஃபோல்டரை எங்கே தூக்கிப் போனாலும் அது திறக்கும். டிக் போட்டுச் சேமித்திருந்தால், டிரைவ் எழுத்திலிருந்து எல்லாம் உள்ளே பதிந்துவிடும். நாமே உருவாக்கும் இசைக்கருவிகளைப் பேட்சும் சாம்பிளும் ஒரே தாய் ஃபோல்டருக்குள் இருக்குமாறு, டிக் இல்லாமல் சேமிப்பதுதான் நல்லது. புதிதாகப் பதிவு செய்கிறவர்கள் முதல் நாளே இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பின்னால் நூறு பேட்ச்களைத் திருத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

முகவரி மாறியே தீரும் என்ற நிலையில் உதவுவது பேட்ச் ரீசேவ். பேட்ச் (batch) என்றால் இங்கே கூட்டமாக என்று பொருள், மேலே சொன்ன கருவி (patch) இல்லை. சேவ் கட்டளைகள் இருக்கும் அதே மெனுவில் அது இருக்கிறது. ஒரு ஃபோல்டரைக் காட்டினால், அதிலுள்ள எல்லா என்கேஐ ஃபைல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, காணாத சாம்பிள்களை எங்கே தேடுவது என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு, புதிய முகவரியோடு மறுபடி சேமித்துவிடும். பிறகு அவை முன்பைவிட வேகமாகத் திறக்கவும் செய்யும். அசல் ஃபைல்களின் மேலேயே எழுதும் என்பதால், முன்கூட்டியே ஒரு பிரதி கண்டிப்பாக வேண்டும். இது திருத்துவது லைப்ரரியில் இருக்கும் என்கேஐ ஃபைல்களை மட்டும்தான். பழைய புராஜெக்ட் தனக்குள் வைத்திருக்கும் முகவரியை இது தொடுவதில்லை. அந்த புராஜெக்டைத் திறக்கும்போது காணாத சாம்பிள்களைத் தேடும் ஜன்னல் மறுபடி வரும். அதில் கம்ப்யூட்டர் முழுக்கத் தேடச் சொல்லாமல், குறிப்பிட்ட ஃபோல்டரைக் காட்டும் வழியைத் தேர்ந்தெடுங்கள். ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபைல்கள் இருந்தால், முழுத் தேடல் தவறான சாம்பிளைக் கொண்டுவந்து பொருத்திவிட வாய்ப்புண்டு. திறந்ததும் புராஜெக்டைப் புதிய பெயரில் சேமியுங்கள், பழையது அப்படியே இருக்கட்டும். டிரைவின் எழுத்தைக் காப்பாற்றியதால் எனக்கு இந்த ஜன்னல் அதிகம் வரவில்லை. தம்பிக்கு உள் டிரைவிலிருந்து வெளியே போனதால் நிறையவே வந்தது.

நகலெல்லாம் முடிந்த அன்று அவன் கேட்டான்: "எல்லாம் காப்பி ஆயிடுச்சுண்ணா, பழசை அழிச்சிடட்டுமா?"

"இருப்பா. முதல்ல பழைய ஃபோல்டரோட பேரை மாத்து."

காரணம் இதுதான். பழைய ஃபோல்டர் பழைய பெயரோடு அதே இடத்தில் இருக்கும்வரை, மென்பொருள் சத்தமில்லாமல் அதையே வாசித்துக்கொண்டிருக்கக்கூடும். எல்லாம் திறக்கிறது, எல்லாம் ஒலிக்கிறது, மாற்றம் வெற்றி என்று நினைத்துப் பழையதை அழித்த மறுநிமிஷம் எல்லாமே காணாமல் போகும். பெயரை மாற்றி வைத்தால் யார் யார் இன்னும் பழைய இடத்தைத் தேடுகிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும். எக்ஸ்டர்னல் டிரைவாக இருந்தால் கழற்றிவிட்டாலே போதும். அந்த நிலையில் சோதிக்க வேண்டியது புதிய டெம்ப்ளேட்டை இல்லை. கிடைப்பதிலேயே பழைய, அதிக லைப்ரரிகள் கலந்த புராஜெக்ட்களை. வருஷத்துக்கு ஒன்று என்று எடுத்துத் திறந்து, முன்பே ஏற்றுமதி செய்த பழைய மிக்ஸோடு பக்கத்தில் வைத்துக் கேட்டோம். ஓர் ஆர்டிகுலேஷன் (வாசிப்பு முறை) மட்டும் மௌனமாக இருப்பது அப்படிக் கேட்டால்தான் பிடிபடும். எரர் எதுவும் வராமலும் அது நடக்கலாம்.

மேக்கில் இன்னொரு தடங்கல் வரும். 2019-ல் வந்த கேட்டலினாவிலிருந்து, கழற்றக்கூடிய டிரைவில் இருக்கும் ஃபைல்களைப் படிக்க ஒவ்வொரு மென்பொருளும் அனுமதி கேட்கிறது. அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டால், லைப்ரரி கண் முன்னே இருந்தும் சாம்ப்ளருக்குத் தெரியாது. சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், ஃபைல்கள், ஃபோல்டர்கள் பட்டியலில் அந்த மென்பொருளுக்கு அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும். விண்டோஸில், சாம்பிள் ஃபோல்டரை ஆன்டிவைரஸின் உடனடிப் பரிசோதனையிலிருந்து விலக்கிவைத்தால் பெரிய டெம்ப்ளேட்கள் திறக்கும் நேரம் குறையும். நம்பகமான இடத்தில் வாங்கிய லைப்ரரிகளுக்கு மட்டும் அதைச் செய்யுங்கள்.

எஸ்எஸ்டிக்கு வந்ததன் முழுப் பலன் கிடைக்க ஓர் அமைப்பை மாற்ற வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கான்டாக்ட்டின் ஆப்ஷன்ஸில் மெமரி பகுதியில், ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத்திலும் எவ்வளவை ராமில் வைத்துக்கொள்வது என்ற அளவு இருக்கிறது. வழக்கமாக 60 கிலோபைட். ஹார்ட் டிஸ்க்கின் மந்தத்தைச் சமாளிக்கத்தான் அவ்வளவு வேண்டியிருந்தது. எஸ்எஸ்டியில் 12-க்கு இறக்கினாலும் சத்தம் வெட்டுவதில்லை. சாம்பிள்களுக்கு ராம் பிடிக்கும் இடம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிடும். கூடுதல் ராம் வாங்க யோசித்துக்கொண்டிருந்த நான் அந்தச் செலவைத் தள்ளிவைத்தேன். படிப்படியாக இறக்கி, டெம்ப்ளேட்டின் மிக அடர்த்தியான இடத்தை வாசித்துப் பார்த்து உங்களுக்குரிய அளவைக் கண்டுபிடியுங்கள்.

பழைய 2 டிபி ஹார்ட் டிஸ்க் இப்போது பேக்கப். வாசிக்க மந்தமானது என்றாலும் பெட்டியில் பத்திரமாக இருப்பதற்கு அது போதும். கடையில் வாங்கியதை மறுபடி டவுன்லோட் செய்யலாம் என்பதும் என்றென்றைக்குமான வாக்குறுதி கிடையாது. ஒரு காலத்தில் உலகமெங்கும் ஸ்டுடியோக்களில் ஓடிய கிகாஸ்டுடியோ என்ற சாம்ப்ளர் மென்பொருளை டாஸ்காம் நிறுவனம் 2008-ல் நிறுத்திவிட்டது. தயாரிப்பாளர் கடையை மூடினால், நம் கையில் இருக்கும் பிரதிதான் லைப்ரரி. அதனால் ஃபைல்களோடு கூடவே நிறுவிகளையும் சீரியல் எண்களையும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி அதே டிஸ்க்கில் போட்டு வைத்திருக்கிறேன்.

கடைசியாக, நேட்டிவ் ஆக்சஸ், ஸ்பிட்ஃபயர், லைப்ரரி மேனேஜர் என்று ஒவ்வொரு செயலியையும் திறந்து, புதியவை எங்கே நிறுவப்பட வேண்டும் என்ற இடத்தில் எஸ்எஸ்டியின் ஃபோல்டரைக் கொடுத்துவிட்டோம். இதை விட்டால் அடுத்து வாங்கும் லைப்ரரி மறுபடி சி டிரைவில்தான் போய் உட்காரும்.